சித்தப்பா போட்ட வளைந்த வழி

ஆனி மாதத்தில் ஒரு காலை, கோவில்பட்டியில் எங்கள் பள்ளி வாசலில் பசுவந்தனை பஸ்ஸை நிறுத்திவிட்டு கண்டக்டர் என்னைத் தேடி வந்தார். "ஓவர்சியர் தவறிட்டாவ தாயி. ஒங்கய்யா ஒன்னய ஏத்திட்டு வரச் சொன்னாவ." சங்கரலிங்கம் சித்தப்பாவுக்கு விடியற்காலையில் நெஞ்சுவலி வந்திருக்கிறது. அவரை அறிந்த உங்களுக்கு அவர் சிரிப்பு நினைவிருக்கும். நான் எழுத நினைப்பது, வேம்பாருக்குத் தெற்கே அவர் அமைத்த கடற்கரை வழியைப் பற்றி.

ஆடி அமாவாசைக்கு நம் ஊர்கள் வண்டி கட்டிக்கொண்டு அங்கேதான் கடலாடப் போகும். மிதிபட்டு மிதிபட்டு மணல்மேடு சரிந்து, மீனவர் வீடுகளுக்குள் மணல் புகுந்தது. வேலியடைத்துவிடலாம் என்றார்கள் மேலதிகாரிகள். சித்தப்பா சம்மதிக்கவில்லை. "கடலுக்கு வாரவியள மறிக்கக் கூடாது. மேட்டையும் மிதிக்கக் கூடாது" என்றார். மேட்டின் மேல் பனம்பலகையால் வளைந்த வழி ஒன்று போட்டார்.

பலகை போட்ட அன்று பெரியப்பா பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏலே, நூல் பிடிக்கத் தெரியாமலா ஒனக்கு ஓவர்சியர் வேலை குடுத்தான்?"

"நேரா விட்டா காத்தும் அலையும் அதே வழியா ஊருக்குள்ள வந்திரும்ணே. மனுசன் வளைஞ்சு போனா ஒண்ணும் கொறஞ்சிராது."

"மாமியா வீட்டுக்கு மட்டும் நேராப் போற!"

ஐப்பசி மழையில் அவர் வழியின் இருபுறமும் அடம்பங்கொடி நட்டபோது நானும் கூடப் போயிருந்தேன். அடுத்த மழைக்குள் கொடி மேட்டை மூடி, கத்தரிப்பூ நிறத்தில் பூத்தது.

அவர் சாம்பலைக் கரைக்க டிராக்டரில் போனோம். பெரியப்பா மேட்டைப் பார்த்தார். "எந்தம்பி போட்ட எடம் இப்பிடிக் களை மண்டிக் கெடக்கே" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். களை எடுத்தே வாழ்கிறவர்கள் நாம். எல்லோரும் குனிந்துவிட்டார்கள்.

"பெரியப்பா, அது களை இல்ல! மணலப் பிடிச்சு வைக்க சித்தப்பா நட்டது!"

"ஏட்டி, அழாம அங்கன போய் நில்லு. அவன் கடேசியாப் போற வழி சுத்தமா இருக்க வேண்டாமா?"

அவர் கண்களிலும் நீர் வடிந்துகொண்டிருந்தது. மற்றவர்களிடம் ஓடினேன். ஒவ்வொருவர் கையாகப் பிடித்து இழுத்தேன். "பிள்ள சித்தப்பன நெனச்சுத் தவிக்கா" என்று ஓர் அத்தை என்னை அணைத்துக்கொண்டாள். அவள் விரல்களிலும் கொடியின் பால் ஒட்டியிருந்தது.

ஒரு துண்டை மட்டும் திரும்ப மணலில் செருகினேன். மழைக்கு இன்னும் மாதங்கள் இருந்தன.

சாம்பலைக் கரைத்துத் திரும்புகையில் காற்று கிளம்பிவிட்டது. பலகைகளின் மேல் மணல் ஏறிக்கொண்டிருந்தது. வெறும் மேட்டில் எல்லோரும் டிராக்டரைப் பார்த்து நேராக நடந்தார்கள். நான் பலகை தெரிந்த மட்டும் வளைந்து நடந்தேன். சித்தப்பாவிடமிருந்து என்னிடம் மீதியிருப்பது அந்த வளைவு மட்டுமே.