கண்ணாடி ஓரத்து வரிசை

2004 மே 29, சனிக்கிழமை. திருவனந்தபுரம், வலியசாலை. விடுப்பின் கடைசி நாள். ஐந்து மணிக்கு எழுந்தேன். இரவு பெய்த மழையில் தெரு இன்னும் ஈரமாக இருந்தது. குளித்துவிட்டுக் கோயிலை ஒரு சுற்று சுற்றி வந்து, பால் வாங்கத் தெருமுனைக் கடைக்குக் கிளம்பினேன். படி இறங்கும்போது கை தானாகச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தது. அட்டை இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம். துபாயில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் வாசலுக்கு ஓர் அட்டை, அலுவலகக் கதவுக்கு ஓர் அட்டை, விமான நிலையத்துக்கு இரண்டு அட்டைகள். சொந்தத் தெருவில் பால் வாங்கப் போகிறவனுக்கு எந்த அட்டையும் வேண்டாம் என்பதைக் கை புரிந்துகொள்ள மூன்று வாரமாவது ஆகிறது. புரிந்துகொண்ட மறுவாரம் விமானம் ஏறிவிடுகிறேன்.

பால்காரர் பாக்கெட்டை நீட்டிக்கொண்டே, "சாமி, இன்னிக்கு ஃப்ளைட்டா? வந்ததே தெரியலையே, அதுக்குள்ள போறேளா?" என்றார். வெளிநாட்டில் இருக்கிற நாம் எல்லோரும் கேட்டுச் சலித்த கேள்விதான். ஆனால் அன்று காலை அது என்னை வேறு விதமாகத் தைத்தது. ஏனென்றால் நான் அந்த விடுப்பில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். பதில் இன்னும் வரவில்லை.

கேள்வி இதுதான். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் நிறுவனத்தில் எனக்குப் பதவி உயர்வு கிடைத்திருந்தது. அதோடு குடும்பத்துக்கான ஃபிளாட்டும் விசாவும் தருவதாகச் சொன்னார்கள். வேண்டுமா வேண்டாமா என்று ஞாயிற்றுக்கிழமை காலை, வேலையில் திரும்பச் சேரும் அன்றே சொல்லியாக வேண்டும். பதினான்கு ஆண்டுகளாகத் தனியாள் அறையில் மூன்று பேரோடு படுத்தவன் நான். கோமதியை, அதாவது என் மனைவியை, பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போன அன்று மெதுவாகக் கேட்டேன்: "ஃபேமிலி விசா தரேங்கறா. வர்றியா?" சுற்றிலும் தேங்காய் உடைபடும் சத்தம். அவள் கேட்டாளா இல்லையா என்றே தெரியவில்லை. நடந்து வெளியே வந்து, செருப்பு மாட்டிக்கொண்ட பிறகு சொன்னாள்: "யோசிக்கணும். கண்ணாடிகிட்ட சொல்றேன்."

கண்ணாடிகிட்ட என்று அவள் சொன்னதை விளக்க வேண்டும்.

எங்கள் வீடு பெரியது அல்ல, ஆனால் ஆட்கள் அதிகம். அம்மா கூடத்தில்தான் படுப்பாள். மகள் ரேவதி பிளஸ் டூ போகிறாள். ராத்திரி பதினொரு மணி வரை விளக்கு எரியும். நான் விடுப்பில் வந்த செய்தி தெரு முழுக்கப் பரவி, நாள் தவறாமல் யாராவது வருவார்கள். கோமதி கரமனையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டில் சமையலும் அவள்தான். முப்பது நாள் விடுப்பில் நானும் அவளும் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் தனியாகப் பேசியிருந்தால் அதிசயம். துபாயிலிருந்து ஃபோன் செய்தாலோ, கூடத்தில் அம்மா தலைமாட்டில் ஃபோன். "சுகந்தானே?" "சுகந்தான்." "மழையா?" "மழைதான்." அதற்கு மேல் அவள் பேசமாட்டாள்.

எங்களுக்குத் தனிமை கிடைத்த ஒரே இடம் விமான நிலையம். பழைய கட்டடத்தில், பார்வையாளர் சீட்டு வாங்கினால் உறவினர்கள் ஒரு நீண்ட கண்ணாடித் தடுப்பு வரை வரலாம். பாதுகாப்புச் சோதனைக்கு நிற்கும் வரிசை அந்தக் கண்ணாடியை ஒட்டியே நகரும். வளைகுடா விமானங்களுக்கு எப்போதும் கூட்டம். வரிசை நத்தை மாதிரி ஊரும். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள், கூடவே நடந்து வருவார்கள். குரல் கேட்காது. அதனால்தான் பேச முடிந்தது. முதல் தடவை போனபோது நான் மேலே கையைக் காட்டிச் சுழற்றினேன், தண்ணீர்த் தொட்டி மோட்டாரை அணைக்க மறக்காதே என்று. அவள் பதிலுக்குத் தன் வயிற்றைத் தட்டி, வாயருகே விரல்களைக் குவித்து, நேரத்துக்குச் சாப்பிடுங்கோ என்றாள். ஒவ்வொரு வருஷமும் சைகைகள் கூடின. அம்மாவைப் பற்றிய குறை, ரேவதியின் மார்க்கு, சண்டை, சமாதானம், எல்லாம் அந்தக் கண்ணாடியில்தான். சென்ற வருஷம் அவள் காதோர நரையைக் காட்டி, மை பூசிக்கொள் என்று நான் சைகை செய்ததற்கு, என் வழுக்கையைச் சுட்டி அவள் செய்த சைகையை இங்கே எழுத முடியாது. பக்கத்தில் நின்ற அம்மா, "என்னடி கையைக் கையை ஆட்டறே?" என்று அதட்டினாளாம். "ஈ, அம்மா" என்றாளாம் கோமதி.

துபாயில் இதற்கு நேர் எதிர். அங்கே இ-கேட் என்று ஒன்று வந்தது. அட்டையைச் செருகி, கண்ணாடிப் பட்டையில் விரலை வைத்தால் கதவு திறந்துவிடும். முன்பெல்லாம் குடிநுழைவு வரிசையில் பாகிஸ்தானி, பிலிப்பினோ, நம் தூத்துக்குடிக்காரர் என்று எல்லோரோடும் நின்று, சங்கிலி கட்டிய ஸ்டாண்டுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போவோம். முதல் முறை என் விரலுக்குக் கதவு திறந்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. அறைக்குப் போய் மூன்று பேரிடமும் சொன்னேன். ஒரு தேசம் என்னை நம்புகிறது என்று. பிறகு ஒரு தடவை, டாக்ஸியில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, நான் வந்து சேர்ந்துவிட்டேன், மனசு வரவில்லை என்று. அந்த நீளமான வரிசையில் நிற்கும்போதுதான் வலியசாலை கொஞ்சம் கொஞ்சமாக என்னைவிட்டு இறங்கும். பாஸ்போர்ட்டில் முத்திரை விழும்போது நான் துபாய்க்காரனாக இருப்பேன். இப்போது கட்டடத்துக்கு வெளியே நின்றுகொண்டு, காலையில் அரைத்த சட்னியின் வாசனை விரலில் இருக்க, டாக்ஸி டிரைவரிடம் இந்தியில் இடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அன்று மத்தியானம் வாடகைக் கார் வந்ததும் ரேவதி உள்ளே ஓடிவந்து, "அப்பா, வண்டி வந்நு!" என்றாள். அவளுக்குத் தமிழும் மலையாளமும் ஒன்றுக்குள் ஒன்று. அம்மா முட்டிவலியால் வரவில்லை. கோமதியும் ரேவதியும் மட்டும் வந்தார்கள். காரில் கோமதி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் இரண்டு தடவை அவள் பக்கம் திரும்பினேன். டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்ப்பதைக் கவனித்து, "மழை வரும்போல" என்று மட்டும் சொன்னேன்.

விமானக் கவுண்டரில் இருந்த பெண் என் டிக்கெட்டைப் பார்த்துச் சிரித்தாள். நிறுவன வேலையாக அடிக்கடி பறந்ததில், அந்த வருஷம் எனக்குத் தங்க அட்டை வந்திருந்தது. "சார் கோல்டு ஆணல்லோ. க்யூ வேண்டா, அப்புறத்தே வழி போகாம்" என்று சொல்லி, போர்டிங் பாஸில் மஞ்சளாக ஒரு வில்லையை ஒட்டினாள். அப்புறத்து வழி, அதாவது அந்தப் பக்கத்து வழி, என்று அவள் காட்டியது கட்டடத்தின் மறுகோடி. அங்கே வரிசையே இல்லை. கண்ணாடியும் இல்லை, சுவர்தான்.

நான் கண்ணாடி ஓரத்து வரிசையின் கடைசியில் போய் நின்றேன். அந்தப் பக்கம் கூட்டத்தில் கோமதியின் நீலப் புடவை தெரிந்தது. ரேவதி என்னைக் காட்டிக் கையசைத்தாள். கோமதி முன்னால் வர வழி தேடிக்கொண்டிருந்தாள். வில்லை கண்ணை உறுத்தியது. அது இருந்தால் யாராவது என்னை அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்து, நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, தாள் கிழியாமல் பொறுமையாக உரித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். எதையும் ஒழுங்காகச் செய்கிறவன் என்று பெயர் எடுத்தவன். இதையும் ஒழுங்காகத்தான் செய்தேன்.

சோதனைக் காவலர் வடக்கத்தி இளைஞர். வரிசையில் நடந்து வந்து ஒவ்வொரு பாஸாகப் பார்த்தவர், என்னுடையதில் பசைத் தடத்தைத் தடவினார். "யே கிஸ்னே நிகாலா?" யார் எடுத்தது?

"நான்தான்" என்றேன் என் துபாய் இந்தியில். வில்லையை எடுத்துக் காட்டினேன்.

"ஆப் கா லைன் உதர் ஹை. ஜல்தி ஹோ ஜாயேகா." உங்கள் வரிசை அந்தப் பக்கம், சீக்கிரம் முடிந்துவிடும்.

"எனக்கு ஜல்தி வேண்டாம். இந்த வரிசையே போதும்."

அவர் முகம் மாறியது. சீக்கிரம் போக வேண்டும் என்று கெஞ்சுகிறவர்களை அவர் தினமும் பார்க்கிறார். மெதுவாகப் போக வேண்டும் என்கிறவனை அன்றுதான் பார்த்திருப்பார். "க்யோன்?" என்றார். ஏன்?

கண்ணாடியைக் காட்டினேன். "என் மனைவி."

அங்கே ஐம்பது பெண்களாவது மூக்கைக் கண்ணாடியில் பதித்து நின்றார்கள். அவர் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்துவிட்டு, "கௌன்ஸி?" என்றார். எந்த மனைவி?

வரிசை சிரித்தது. எனக்குப் பின்னால் நின்ற விழிஞ்ஞத்துக்காரர், முதல் தடவை போகிறவர் போலிருந்தது, சட்டையில் மடிப்புக்கூட இன்னும் கலையவில்லை, என் தோளைத் தொட்டு, "சாரே, சாரினு வேண்டெங்கில் ஆ ஸ்டிக்கர் எனிக்கு தா" என்றார், உங்களுக்கு வேண்டாமென்றால் எனக்குக் கொடுங்கள் என்று. பிறகு கண்ணாடிப் பக்கம் கைக்குழந்தையோடு நின்ற தன் பெண்டாட்டியைப் பார்த்து, "அல்லெங்கில் வேண்டா" என்றார், இல்லை, எனக்கும் வேண்டாம் என்று.

காவலர் சிரிக்கவில்லை. என்னை வரிசையிலிருந்து வெளியே வரச் சொன்னார். அதிகாரி ஒருவர் வந்தார். நம்பகமான பயணி என்று இரண்டு அட்டைகள் சான்று சொல்லும் ஆள், சலுகையை மறைத்து, பொது வரிசையில் நிற்கிறான், எதற்கு? நான் சொன்ன காரணம் எனக்கே நம்பும்படியாக இல்லை. "பையைத் திறந்து பாருங்கள்" என்று அதிகாரி சொன்னார். தனிச்சோதனைக்கான மேசை மூலையில் இருந்தது. மூலை என்றால், வரிசைக்கும் கண்ணாடிக்கும் இடையில். கண்ணாடியிலிருந்து ஒரு கை தூரம்.

நான் அங்கே நின்றேன். கோமதி எனக்கு நேர் எதிரே வந்து நின்றாள்.

காவலர் பையைக் கவிழ்த்தார். கடுமாங்காய் ஊறுகாய்ப் பாட்டில், நேந்திரங்காய் வறுவல், பக்கத்து வீட்டு மாமி தன் மகனுக்குக் கொடுத்த முறுக்கு டப்பா, நான் மடித்து அடுக்கிய சட்டைகள், எல்லாம் மேசையில் பரவின. கோமதியின் கண்கள் பெரிதாயின. என்ன ஆச்சு என்று உள்ளங்கையை விரித்தாள். ஒன்றுமில்லை என்று தலையசைத்தேன். காவலர் ஊறுகாய்ப் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அந்த நேரத்தில் நான் கேட்டேன்: அவளைச் சுட்டி, பிறகு என் நெஞ்சைத் தொட்டு, கையை விமானம்போல் பறக்கவிட்டேன். வர்றியா?

அவள் ரேவதியை ஒரு முறை பார்த்தாள். பிறகு இல்லை என்று தலையசைத்தாள். சரி, புரிந்தது என்று கண்ணை மூடித் திறந்தேன். ஆனால் அவள் முடிக்கவில்லை. விரலால் என்னைச் சுட்டினாள். அதே விரலால் தன் பக்கத்தில் தரையைக் காட்டினாள். நீங்க வாங்கோ. இங்கே.

பதினான்கு வருஷமாக, அவள் வருவாளா வரமாட்டாளா என்பதுதான் கேள்வி என்று நினைத்திருந்தேன். எப்போது என்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் கேட்டேன். அவள் தன் காதோர நரையை ஒரு கற்றையாக இழுத்துக் கண்ணாடியில் வைத்தாள். முழுக்க வெளுப்பதற்குள்.

"க்யா இஷாரா ஹை?" என்ன சைகை? காவலர் என் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வீட்டு விஷயம்" என்றேன்.

அவர் ஊறுகாய்ப் பாட்டிலைக் கீழே வைத்தார். ஒரு சட்டையை எடுத்து உதறி, மடிக்கத் தொடங்கினார். பிறகு அடுத்தது. அத்தனை மெதுவாக யாரும் சட்டை மடித்து நான் பார்த்ததில்லை. அவர் எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.

மாலை துபாயில் விரலை வைத்தேன், கதவு திறந்தது. டாக்ஸி டிரைவர் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் இடம் சொன்னேன்.

மே 30, ஞாயிற்றுக்கிழமை. காலையில் முதல் வேலையாக, அலுவலக வரவேற்பறையில் எங்கள் விசா காரியங்களைப் பார்க்கும் ஆற்றிங்கல்காரர் சந்திரனிடம் போனேன். "சாரே, ஃபிளாட் ரெடி. சேச்சி எப்போழா வருந்நது?" என்றார். சேச்சி என்றது கோமதியை.

"சேச்சி வரலை. மார்ச்சுல கான்ட்ராக்ட் முடியறதோட நான் போறேன்."

அவர் மேசையில் இருந்த இன்னொரு விண்ணப்பத்தை மெதுவாக என் பக்கம் தள்ளினார். "அப்போ இ-கேட்டோ? அடுத்த மாசம் தீரும். புதுக்கியில்லெங்கில் க்யூவில் நிக்கணும் கேட்டோ." புதுப்பிக்காவிட்டால் வரிசையில் நிற்க வேண்டும் என்றார்.

"நிக்கறேன், சந்திரா."

பிறகு உள்கதவில் அட்டையைக் காட்டினேன். பச்சை விளக்கு எரிந்து கதவு திறந்தது. உள்ளே என் நாற்காலி, என் மேசை, பதினான்கு வருஷம். போகும் முன் பழக்கத்தில் ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். வராந்தாவின் கடைசியில் பெரிய கண்ணாடி ஜன்னல். அதற்கு அப்பால் வெயில் மட்டும் நின்றுகொண்டிருந்தது.