வலிக்காத பல்லும் கருகிய பிளக் பாயின்ட்டும்

கட்டர் தம் முன்பற்களால் தோலுரித்த ஒயரையெல்லாம் முடிச்சுப் போட்டு நீட்டினால் நிலாவுக்குப் போய்விட்டுத் திரும்பி வரலாம். சரி, சரி, கொஞ்சம் கூடிவிட்டது. ஊரை நாலு சுற்றுச் சுற்றலாம், அதற்குக் கீழே இறங்க முடியாது!

முப்பது வருஷமாக எலக்ட்ரீஷியன். ஏணி உச்சியில் ஒரு கை சட்டத்தைப் பிடித்திருக்கும், மறு கையில் ஒயர். உரிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? வாயில் வைத்து ஒரு கடி, ஒரு இழு, செம்பு பளபளவென்று எட்டிப் பார்க்கும். அப்படி வந்த பட்டப்பெயர்தான் கட்டர்.

ஈறில் மட்டும் ஒரு கொப்புளம் வருவதும் போவதுமாக இருந்தது. "காட்டிட்டு வாங்களேன்" என்பாள் மனைவி. "வலிக்கவே இல்லையேடி! வலிக்காத பல்லுக்கு வைத்தியமா?" என்று சிரிப்பார் அவர்.

ஒருநாள் பல் டாக்டரம்மாவே ஆள் அனுப்பினார், எக்ஸ்ரே மெஷின் படுத்துவிட்டதென்று. போய்ப் பார்த்தால், சுவரில் பிளக் பாயின்ட் கருகிக் கிடந்தது. கட்டர் புது ஒயரை எடுத்து நறுக்கென்று கடித்தார்.

"ஐயோ அண்ணே! என் கண்ணு முன்னாடியேவா?" டாக்டரம்மா பதறி ஓடிவந்தார். அப்போதுதான் கொப்புளம் அவர் கண்ணில் பட்டது. "முடிச்சிட்டு உக்காருங்க. முதல் படம் உங்களுக்குத்தான்."

"எடுங்க, எடுங்க! இப்படி ஒரு பல்லை நீங்க படிச்ச புத்தகத்துலகூடப் பார்த்திருக்க மாட்டீங்க!"

திரையில் பல் தெரிந்தது. வேர் நுனியில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு கருப்பு. "லோ வோல்டேஜ்!" என்று துள்ளி எழுந்தார் கட்டர். பிளக் பாயின்ட்டைத் திறந்து, திருகாணிகளை இறுக்கி, "இப்ப எடுங்க" என்றார்.

டாக்டரம்மா பக்கத்துப் பல்லைப் படம் எடுத்தார். படம் கண்ணாடி மாதிரி சுத்தம்.

"மெஷின் நல்லா இருக்குண்ணே. கோளாறு உங்க வாயிலதான்."

"அப்ப ஏன் வலிக்கல?"

"கரன்ட் இல்லாத ஒயர் ஷாக் அடிக்குமா? பல்லுக்குள்ள நரம்பு எப்பவோ செத்துப்போச்சு. அதான் சத்தமே காட்டாம, சீழ் எலும்பைத் தின்னுக்கிட்டு இருக்கு."

கட்டர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "புடுங்கணுமா?"

"வேரைச் சுத்தம் பண்ணி அடைச்சுப் பார்ப்போம். எலும்பு மறுபடி வளர்ந்தா பல்லு தங்கும், இல்லேன்னா எடுத்துடணும். இனிமே ஒயரைக் கடிச்சீங்க, தொலைச்சிடுவேன்!"

மனைவி துணைக்கு வர, வேரைச் சுத்தம் பண்ணி அடைத்தாயிற்று. அதன்பின் ஆறு மாதம் ஒயர் வாய்ப்பக்கம் போகவில்லை. காலையும் இரவும் பிரஷ்தான் போனது. ஆறாம் மாதம் புதுப் படம். கட்டரும் மனைவியும் திரையையே முறைத்தார்கள். மொச்சை கடுகாகியிருந்தது!

"பல்லு தங்கிடுச்சு!" என்றார் டாக்டரம்மா.

வாசலுக்கு வருவதற்குள் கட்டர் மனைவியின் அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டார். "மச்சான், பிழைச்சிருச்சு! ஊசி என்ன, குடைச்சல் என்ன, அசைஞ்சேனா நான்? முதல் நாள்லேர்ந்து சிங்கம் மாதிரி உக்காந்திருந்தேன்!"

மனைவி போனைப் பிடுங்கினாள். "நம்பாதே அண்ணா. ஊசியைப் பார்த்ததும், கரன்ட் போயிடுச்சு, ஃப்யூஸைப் பார்த்துட்டு வரேன்னு எந்திரிச்சு ஓடினாரு. லைட்டெல்லாம் ஜெகஜ்ஜோதியா எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு!"