இருவாச்சி உட்காரும் கிளை

போன வருடம் மாசி மாதம், வால்பாறை மலையில் நடந்தது இது. முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. எங்கள் கம்பெனியில் டி-ஷர்ட் வாங்கும் வெளிநாட்டு அம்மாவைப் பறவை பார்க்க மலைக்கு அழைத்துப் போனோம்.
2. வழிகாட்டியாக வந்த பெண், இருவாச்சிக் கூடு ஒன்றைத் தள்ளி நின்று காட்டுவதாகச் சொன்னாள்.
3. நாங்கள் அங்கே போய்ச் சேர்வதற்கு முன்பே எங்கள் மேனேஜர், கூட்டை மறைத்த கிளைகளை ஆள் வைத்து வெட்டிவிட்டார்.
4. கூடு தெளிவாகத் தெரிந்தது.
5. ஆண் பறவை வந்தது. உட்காரவில்லை.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் சாய லேப்பில் வேலை பார்க்கிறேன். டெக்ஸ்டைல் படித்தவள். துணி வாங்கும் பையர் கேட்ட நிறமும் எங்கள் துணியின் நிறமும் ஒத்துப்போகின்றனவா என்று லைட் பாக்ஸுக்குள் வைத்துப் பார்த்துச் சொல்வது என் வேலை. எதையும் எண் போட்டு எழுதினால்தான் எனக்கு மனசு அடங்கும். இந்த ஒரு விஷயம் மட்டும் எண் போட்ட பிறகும் அடங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நஞ்சராயன் குளத்துக்குப் போய்ப் பறவை பார்ப்பேன். கம்பெனியில் எல்லோருக்கும் அது கேலிக்கு உதவும் விஷயம். "அம்மணி, கொக்கு என்ன ஷேடுங்க?" என்று எங்கள் மேனேஜர் அடிக்கடி கேட்பார். கொங்குக்காரர், மரியாதையானவர், யாரிடமும் குரல் உயர்த்தி நான் பார்த்ததில்லை. எங்கள் பெரிய பையரான அந்த அம்மாவுக்கும் பறவைப் பைத்தியம் என்று தெரிந்த அன்றைக்கு, அந்தக் கேலி நின்றது. அடுத்த முறை அவர் திருப்பூர் வரும்போது மலைக்கு அழைத்துப் போவது என்று மேனேஜர் முடிவு செய்தார். ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்ல நான் கூடப் போக வேண்டும். எனக்கும் சந்தோஷம்தான், இருவாச்சியை நான் அதுவரை புகைப்படத்தில் மட்டுமே பார்த்திருந்தேன்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பையர் சார்பில் ஆடிட் வருகிறது என்றால், கம்பெனியே ஒரு கல்யாண வீடாகிவிடும். சுவருக்கு வெள்ளை அடிப்பார்கள். மருந்துப் பெட்டியில் புதுப் பஞ்சு வரும். அவசர வழிக்கு முன்னால் ஒரு துணி மூட்டைகூட இருக்கக் கூடாது. எது எதை மறைத்தாலும் ஆடிட்டர் சிவப்பில் குறிப்பார். யார் என்ன கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதும் முன்கூட்டியே தயாராக இருக்கும். எங்கள் மேனேஜர் இதில் கெட்டிக்காரர். அவர் இருந்த எந்த ஆடிட்டிலும் கம்பெனிக்குச் சிவப்பு விழுந்ததில்லை.

காலையில் திருப்பூரில் கிளம்பி, பொள்ளாச்சி தாண்டி ஆழியாறில் வழிகாட்டிப் பெண்ணைச் சந்தித்தோம். வால்பாறையில் நாங்கள் தங்கப்போகும் விடுதிதான் அவளை அனுப்பியிருந்தது. எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்து, கல்லூரியில் விலங்கியல் முடித்தவள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள், வாய் மட்டும் பெரியது. மேனேஜரின் வெள்ளைச் சட்டையைப் பார்த்ததும், "சார், இந்தச் சட்டையோட வந்தீங்கன்னா பறவை எல்லாம் ஓட்டு கேக்க வந்திருக்கீங்கன்னு நெனச்சு ஓடிரும்" என்றாள். அவரும் சிரித்தார்.

"அது இருக்கட்டுமுங்க அம்மணி. அந்தப் பெரிய பறவை கண்டிப்பா வருமுங்களா? பையர் ஏமாந்து போயிரக் கூடாதுங்க."

"எங்க அக்கா உங்க ஊர்லதான் சார் டெய்லரா இருக்கு. அதனால உங்களுக்குப் புரியற மாதிரியே சொல்றேன். பறவைக்கு ஷிப்மெண்ட் தேதி கிடையாது சார்."

மேனேஜர் அதற்குச் சிரிக்கவில்லை. கூடு எந்த இடத்தில், எந்த வளைவுக்குப் பக்கத்தில், எங்கிருந்து பார்ப்பது என்று மட்டும் விசாரித்துக்கொண்டார். வண்டி எங்கே நிறுத்துவது என்று பார்ப்பதற்காகக் கேட்கிறார் என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். "நீங்க மெதுவா பாத்துட்டு வாங்க. நான் முன்னால போயி எல்லாம் ரெடி பண்றனுங்க" என்று அவர் தன் காரில் மேலே போய்விட்டார்.

அன்றைய பகல் என் வாழ்க்கையின் நல்ல பகல்களில் ஒன்று. அதையும் சொல்லத்தான் வேண்டும். கொண்டை ஊசி வளைவுகள் ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. மழைக்காட்டுக்குள் அவள் முன்னால் நடக்க, நானும் பையரும் அவள் கால் வைத்த இடத்தில் கால் வைத்து நடந்தோம். அட்டை ஏறாமல் இருக்கப் பேன்ட்டின் மேல் காலுறையை இழுத்து விட்டிருந்தோம். அவள் கையை உயர்த்தினால் நிற்க வேண்டும். அப்படி ஒருமுறை நின்றபோது, இருட்டுக்குள் ஒரு தீக்காக்கை அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதன் மார்பின் சிவப்பை எந்தச் சாயத்தைக் கலந்து எடுப்பது என்று என் புத்தி உடனே கணக்குப் போட்டது. பையர் என் கையைப் பிடித்து அழுத்தினார். மேலே தேயிலைக் காடு தொடங்கும் இடத்தில், ஒரு ஓடைக்குப் பக்கத்திலிருந்து சீகாரப் பூங்குருவி விசிலடித்தது, வேலையில்லாத யாரோ அடிப்பது போல.

நடக்கும்போதே அவள் இருவாச்சியைப் பற்றிச் சொன்னாள். பெரிய மரத்துப் பொந்துக்குள் பெண் பறவை போய் உட்கார்ந்து, வாசலை உள்ளிருந்தே அடைத்துக்கொள்ளும். அலகு நீட்டும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் விடும். முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும். ஆண் பறவை கொண்டுவந்து ஊட்டும் அத்திப்பழம்தான் உள்ளே இருக்கும் எல்லோருக்கும் சாப்பாடு.

"உங்க ஊரு கம்பெனி லேடீஸ் ஹாஸ்டல் மாதிரிதான்க்கா. ஒரே ஒரு வித்தியாசம். இங்க பூட்டு உள்பக்கம்."

பையருக்காக இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

இன்னொன்றும் சொன்னாள். இருவாச்சியின் இறகில் தெரியும் மஞ்சள் அதன் உடம்பில் ஊறும் எண்ணெய். வாலடியிலிருந்து அலகால் எடுத்துத் தானே பூசிக்கொள்ளுமாம். தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போய்விடும் நிறம். எங்கள் லேப்பில் முதல் சலவையிலேயே தோற்றுவிடும் என்றேன். "அது ஏற்றுமதிக்கு இல்லக்கா, பொண்டாட்டிக்கு" என்றாள்.

அவள் காட்டப்போகும் பொந்து எஸ்டேட் ஓரத்தில் மிச்சமிருக்கும் காட்டில் இருந்தது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அது தெரியும். ஒவ்வொரு வருடமும் அதே பொந்துக்கு ஜோடி வந்துவிடும். அவள் யாரையும் அருகில் கூட்டிப்போக மாட்டாள். எதிர்ப் பக்கத்து மேட்டில், மரங்களுக்குப் பின்னால் உட்கார்ந்து, இலைகளின் இடைவெளியில்தான் பார்க்க வேண்டும். "பாதிதான் தெரியும். அந்தப் பாதி போதும்" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் போனோம். மேட்டில் எங்களுக்கு முன்பே மேனேஜர் நின்றிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. பிளாஸ்கில் டீ. பிஸ்கட் தட்டுக்கு மேல் வலை மூடி. அவர் முகத்தில், ஆடிட் முடிந்து பச்சை விழுந்த அன்றைக்கு இருக்கும் அதே சிரிப்பு.

"வாங்க வாங்க. இங்கிருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாம இருந்துச்சுங்க. நேத்து சாயங்காலமே எஸ்டேட் ஆளைக் கூப்பிட்டு எல்லாம் கிளியர் பண்ணியாச்சுங்க."

எதிரே அந்தப் பெரிய மரம் முன்பக்கம் மொட்டையாக நின்றது. உச்சி அப்படியே இருந்தது. பொந்துக்கு முன்னால் மட்டும் கிளைகளும் கொடிகளும் இல்லை. வெட்டிய இடங்கள் ஈரமாக வெளுத்துத் தெரிந்தன. பொந்து, சுவரில் மாட்டிய படம் போல வெட்டவெளியில் இருந்தது. கீற்றில் ஒரு மஞ்சள் அலகின் நுனி அசைந்தது.

வழிகாட்டிப் பெண் உட்காரவில்லை.

"யார் சார் வெட்டச் சொன்னது?"

"நான்தானுங்க. மரத்தையா வெட்டுனேன்? மறைச்சுக்கிட்டு இருந்த நாலு கிளைங்க."

"அது மறைக்கிற கிளை இல்ல சார். அவரு வந்து உக்கார்ற கிளை."

மேனேஜருக்கு உண்மையாகவே புரியவில்லை. "வேற கிளைல உக்காந்துக்குவாரு, வுடுங்க அம்மணி" என்றார். அவள் எங்கள் எல்லோரையும் நாற்காலிகளை விட்டுப் பின்னால் புதருக்குள் தள்ளி உட்காரவைத்தாள். டீ ஆறியது.

வெயில் ஏறும் நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. பெரிய இறகுகள் காற்றைக் கிழிக்கும் சத்தம். மலையேறும் ரயில் மூச்சு விடுவது போல இருந்தது. ஆண் பறவை வந்தது. தொண்டை புடைத்திருந்தது, உள்ளே பழம். நேராகப் பொந்தை நோக்கி வந்து, கிளை இருந்த இடத்தில் கால்களை நீட்டியது. அங்கே ஒன்றுமில்லை. சட்டென்று எழும்பி ஒரு வட்டம் போட்டது. மறுபடி வந்தது. பிறகு தூரத்தில் ஒரு மரத்தின் உச்சியில் போய் உட்கார்ந்து எங்கள் பக்கம் பார்த்தது. கீற்றிலிருந்து அலகு வெளியே நீண்டு, திறந்து, காத்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஆண் பறவை பறந்துபோய்விட்டது. அலகு அப்புறமும் நெடுநேரம் வெளியே இருந்தது.

என்ன ஆயிற்று என்று பையர் என்னைக் கேட்டார். மேனேஜர் என் பக்கம் குனிந்து, "பழம் பறிக்கப் போயிருக்காரு, லேட்டா வருவாருன்னு சொல்லுங்க அம்மணி" என்றார். ஆடிட் நாளில் சொல்லிக்கொடுக்கும் அதே மெதுவான குரல்.

நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். பையர் பைனாகுலரைக் கழற்றி மடியில் வைத்தார். எழுந்து, உடனே எல்லோரும் இங்கிருந்து போய்விட வேண்டும் என்றார். காரில் அவர் கண்கள் கலங்கியிருந்தன. நல்ல மனுஷி, இனி இது சரியாக நடக்கும் என்று நினைத்தேன். வழிகாட்டிப் பெண் எங்களோடு வரவில்லை. "நான் இருந்து பாக்கறேன்க்கா, நீங்கெல்லாம் போனப்புறம் வந்தாலும் வரும்" என்று அங்கேயே இருந்துவிட்டாள்.

பையர் ஊருக்குப் போய் விடுதிக்கு எழுதினார். பறவைகள் அற்புதம், ஆனால் கூட்டருகில் நடந்தது மிகவும் வருத்தம் தந்தது, இனி இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. யாரையும் குற்றம் சொல்லவில்லை. எங்கள் மேனேஜர் அன்பாகச் செய்ததாக நினைத்து, அவர் பெயரைக் காப்பாற்றுவதற்காக அப்படி எழுதியிருக்கிறார்.

ஆடிட்டில் சிவப்பு விழுந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பது திருப்பூரில் எல்லோருக்கும் தெரியும். திருத்த நடவடிக்கை எடுத்ததாகக் காட்ட வேண்டும். யாராவது ஒருவரை நீக்கிவிட்டால் காட்டுவது சுலபம். மலையிலும் அப்படித்தான் போலிருக்கிறது. விடுதி பையருக்கு அனுப்பிய பதிலின் நகலை மேனேஜர் என் மேஜைக்கே கொண்டுவந்து காட்டினார்.

"பாத்தீங்களா அம்மணி, அந்தப் பொண்ண மாத்திட்டாங்க. பையர் மனசு ஆறிருச்சு. நம்ம ஆர்டருக்கு ஒண்ணும் ஆவாதுங்க."

"வெட்டுனது அவ இல்லீங்களே சார்."

"அதுக்கு என்னங்க பண்றது? கிளையைத் திரும்ப ஒட்டவா முடியும்?"

நான் விடுதிக்கு எழுதினேன். மேலே முதலில் உள்ள ஐந்து வரிகள் நான் அன்று அனுப்பியவைதான். உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது.

வேலை போன பிறகும் அவள் தினமும் அந்த மேட்டுக்குப் போயிருக்கிறாள். ஆண் பறவை சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை, அப்புறம் வருவதே இல்லை என்று குரல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். கடைசியாக வந்த செய்தியில் அவள் குரல் வெகு சாதாரணமாக இருந்தது. "அக்கா, இன்னைக்கு அந்தப் பொண்ணே அடைப்ப உடைச்சிட்டு வெளிய வந்திருச்சு. பறக்கத் தெம்பில்ல. தத்தித் தத்திப் போயிருச்சு. உள்ள இருந்தது உள்ளயே இருக்கு." அதே செய்தியில், "உங்க ஊர்ல ஏதாவது வேலை இருக்காக்கா?" என்று கேட்டிருந்தாள்.

இப்போது அவள் காங்கேயம் ரோட்டில் வேறொரு கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறாள். நான்தான் சேர்த்துவிட்டேன். துணியில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் அவள் கண்ணுக்கு முதலில் பட்டுவிடுமாம். சூப்பர்வைசர் அவளை மெச்சிக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை குளத்துக்கு வா என்று பலமுறை கூப்பிட்டேன். "துணி துவைக்கணும்க்கா" என்கிறாள்.

பையர் அந்தப் பறவையை மறக்கவில்லை. குழந்தைகள் டி-ஷர்ட்டில் இருவாச்சிப் படம் போட்டு ஆர்டர் கொடுத்தார். காட்டைக் காப்போம் என்று விலைச்சீட்டில் அச்சடித்திருக்கிறது. அந்த அலகின் மஞ்சள் என் லைட் பாக்ஸுக்குத்தான் வந்தது. எத்தனை முறை துவைத்தாலும் போகாத மஞ்சள்.

அதன் பிறகு, உங்களுக்காக எல்லாம் ரெடியாக இருக்கிறது என்று யார் சொன்னாலும், இதற்காக எதை வெட்டினார்கள் என்றுதான் எனக்கு முதலில் கேட்கத் தோன்றுகிறது. டி-ஷர்ட்டுக்கு மறு ஆர்டர் வந்திருக்கிறது. எங்கள் மேனேஜர் இப்போது ஜெனரல் மேனேஜர். இந்த வருடம் மாசி முடிந்தும் அந்தப் பொந்துக்கு ஜோடி வரவில்லை.