பூட்டிய பட்டறையில் கேட்ட சாய்வுளி

கத்தாரில் பல வருடம் தச்சு வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பி, சாய்ந்தமருதில் ஒரு கடைச்சல் பட்டறையை வாடகைக்கு எடுத்தேன். கதவு, அலுமாரி, படிக்கட்டு எல்லாம் செய்து பழகிய கை. சுழலும் மரத்தைக் கடைவதில் என்ன பெரிய கஷ்டம் என்றுதான் நினைத்திருந்தேன். முதல் நாளே சாய்வுளியை மரத்தில் வைத்த கையோடு கட்டில் கால் மெஷினை விட்டுப் பிய்ந்து, டியூப்லைட்டை உடைத்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. எனக்குக் காயம் இல்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். சாய்வுளி தட்டையான உளி. அதன் வாய் நேராக இல்லாமல் ஒரு பக்கம் சாய்வாக இருக்கும். வீடியோக்களில் இதை ‘ஸ்கியூ’ என்பார்கள். மற்ற உளிகள் மரத்தைச் சுரண்டும், அல்லது தோண்டும். இது சீவும். சீவிய இடம் சேண்ட்பேப்பர் கேட்காது. ஆனால் மேல் முனை தவறி மரத்தில் பட்டால் அவ்வளவுதான், மரம் உளியை இழுத்துக் கடித்துவிடும்.

சாய்வுளியை விட்டுவிட்டு வேலை பார்க்கலாம் என்றால், வருகிறவர்கள் விடவில்லை. நான் சேண்ட்பேப்பர் போட்டுத் தேய்த்துக் கொடுத்த கால்களைத் தடவிப் பார்த்துவிட்டு, “மஜீதுர கால் இப்பிடி இரிக்காதே” என்பார்கள்.

மஜீத் நானா

அந்தப் பட்டறை அவருடையது. நான் அவரைப் பார்த்ததில்லை. தெரிந்தவரின் போட்டில் ஆள் குறைகிறது என்று ஒரு காலையில் கடலுக்குப் போனவர். போட் விநாயகபுரத்துக் கரையில் ஒதுங்கியது. அதில் யாருமில்லை. போட்காரரின் உடல் சில நாளில் கிடைத்தது. மஜீத் நானாவின் மையித்து கிடைக்கவேயில்லை.

அவருடைய மனைவி சல்மாவை அக்கா முறையில் ராத்தா என்பேன். அவர் பட்டறைக்குப் பின்னால் இருந்த வீட்டில் தனியாக இருந்தார். கணவர் மௌத்தாகிவிட்டார் என்று ஊரே சொன்னது. பள்ளிவாசல் ஹஸ்ரத்தும் வந்து எடுத்துச் சொன்னார். ஆனால் ராத்தா இத்தா இருக்க மறுத்தார். கணவனை இழந்தவள் வீட்டுக்குள் அடங்கி இருக்கும் காலம் அது. மையித்தைக் காட்டினால் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாராம். பட்டறையை எனக்குத் தரும்போதும், அவர் வரும்வரைக்கும்தான் என்று சொல்லித்தான் தந்தார்.

உளிகளும் மஜீத் நானாவுடையவைதான். சாய்வுளியின் பிடியில் பெருவிரல் பட்டுப் பட்டு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அந்தப் பள்ளத்தில் என் வலக்கை விரல் உட்காரவில்லை. அவர் இடக்கைக்காரர் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

வேம்பு, மஹோகனி என்று எத்தனையோ துண்டுகளைப் பாழாக்கினேன். ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வந்து, என்ன நினைத்தேனோ தெரியவில்லை, உளியை இடக்கைக்கு மாற்றினேன். பெருவிரல் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. உளியின் தீட்டிய சரிவை மரத்தில் பதிய வைத்து, பிடியை மெல்ல உயர்த்தினேன். வாயின் நடுவுக்குச் சற்றுக் கீழே மரம் தானாக வந்து வெட்டுப்பட்டது. நான் தள்ளவில்லை. சீவல் ரிப்பனாகச் சுருண்டு தோளுக்கு மேலால் போனது. புதுச் சீலையை நீளமாகக் கிழிப்பது போல ஒரு சத்தம் வந்தது.

மெஷினை நிறுத்தித் திரும்பினேன். பின்கதவில் சல்மா ராத்தா நின்றார். கையில் தேத்தண்ணிக் கோப்பை. அதுவரை அவர் பட்டறைக்குள் வந்ததில்லை.

என் முகத்தைப் பார்த்ததும் அவருடைய முகம் ஒடுங்கியது. “நான் அவரெண்டு நினைச்சிட்டன் தம்பி” என்றார். அந்தச் சத்தம் கேட்டால் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருவதுதான் இத்தனை வருடப் பழக்கமாம். கோப்பையை என்னிடம் தரவில்லை. திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

அதன் பிறகும் அந்த உளியைத்தான் பிடித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் மூச்சைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற எண்ணம் மட்டும் விடவில்லை.

கரண்ட் இல்லாத பகல்

ஒரு நாள் நண்பகல், லுஹர் தொழுகை நேரம். கட்டில் கால் ஒன்று மெஷினில் பாதியில் நிற்கும்போது கரண்ட் போனது. அப்படியே விட்டுவிட்டு, பட்டறையைப் பூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். தொழுது முடிந்து வரும்போதும் கரண்ட் வரவில்லை. தெருவில் ஒரு கடையிலும் காற்றாடி சுற்றவில்லை.

பட்டறை வாசலுக்கு வந்தேன். உள்ளே உளி சீவும் சத்தம் கேட்டது.

மெஷினின் இரைச்சல் இல்லை. சீலை கிழிகிற அந்தச் சத்தம் மட்டும், நின்று நின்று வந்தது. பூட்டு நான் பூட்டியபடியே தொங்கியது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. பிஸ்மி சொல்லிக்கொண்டு சாவியைப் போட்டேன். பூட்டு சத்தம் போட்டதும் உள்ளே அது நின்றது.

உள்ளே யாருமில்லை. மரம் அசையாமல் நின்றது. தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. தகரக் கூரைக்குக் கீழே நண்பகலில் எல்லாமே சூடுதான். அதனால் அதை ஒரு சாட்சியாகச் சொல்ல மாட்டேன்.

பின்கதவு தட்டப்பட்டது. உள்தாழ்ப்பாளை நீக்கித் திறந்தேன். ராத்தா கோப்பையோடு நின்றார். என் தலையில் தொழுகைத் தொப்பி இருந்ததைப் பார்த்தார்.

“நீங்க இப்பதான் வாறீங்களா?”

“ஓம் ராத்தா.”

“அப்ப உள்ளுக்கு ஆர் இருந்த?”

நீங்களும் கேட்டீர்களா என்று மட்டும் கேட்டேன். அவர் தலையாட்டினார். உள்ளே வந்து கோப்பையை மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன். தேத்தண்ணியில் ஆடை படியும் வரைக்கும் அவர் அசையவில்லை. பிறகு எழும்பினார். அழவில்லை.

“உசிரோட வந்திருந்தா குடிக்காமப் போக மாட்டார்” என்றார். “ஹஸ்ரத்துக்கிட்டச் சொல்லுங்க தம்பி. நான் இத்தாவுக்கு இருக்கப் போறன்.”

அன்று பின்னேரமே இத்தா இருக்கத் தொடங்கினார். ஊரில் எல்லோரும் ஹஸ்ரத்தின் பேச்சுத்தான் கடைசியில் எடுபட்டது என்றார்கள். நானும் மறுத்துக் கதைக்கவில்லை. இத்தா முடிந்ததும் ராத்தா நிந்தவூரில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது பட்டறையைத் தொடர்ந்து நடத்தச் சொன்னார். “அவர் வரும்வரைக்கும்” என்ற சொல்லை அன்று அவர் சொல்லவில்லை. அந்தச் சத்தம் என் கையில் தவிர வேறெங்கும் பிறகு கேட்கவுமில்லை.

இப்போது என்னிடம் வேலை பழக ஆட்கள் வருகிறார்கள். சரிவை முதலில் மரத்தில் பதிய வை, தள்ளாதே, மேல் முனையைப் பார்த்துக்கொள் என்று எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொல்கிறேன். ஒன்றை மட்டும் கடுமையாகச் சொல்வேன்: ஐந்து நிமிடத்துக்கு வெளியே போனாலும் பாதி வேலையை மெஷினில் விட்டுப் போகக்கூடாது. மரத்தைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுத்தான் கதவைப் பூட்ட வேண்டும்.

பாதுகாப்புக்கா என்று கேட்பார்கள்.

ஓம், அதற்கும்தான் என்பேன்.