ஆடி மாதத்து எண்ணெய்

எங்கள் அப்பாவுக்குக் கோபம் வந்தால் எதிரே யார் இருக்கிறார்கள் என்று பார்க்க மாட்டார். அம்மா தம்பியை மடியில் கிடத்திக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போதே சொன்னார்: "ஓணத்துக்குள்ள இவன் காலு நிமிரலேன்னா அனாத மடத்துல கொண்டு விட்டிருவேன். ஊருல எவன் மொகத்துலயும் முழிக்க முடியல."

தம்பிக்குப் பிறந்ததிலிருந்தே கைகால் விறைப்பு. பேச்சும் வரவில்லை. மகாராஜா காலத்து ஆஸ்பத்திரியில் காட்டியதற்கு, இது இப்படித்தான் என்று அனுப்பிவிட்டார்கள். பேச்சு வராதவனுக்குக் காதும் கேட்காதா என்ன? அப்பா சொல்லி முடிக்குமுன் அவன் உடம்பு வில்லாக வளைந்தது. கஞ்சி புரையேறிக் கண் செருகிவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஆடி பிறந்தால் எண்ணெய் தேய்த்து நீவிவிடும் உழிச்சல் தொடங்கும். மழைக் குளிரில் உடம்பு எண்ணெயை நன்றாகக் குடிக்குமாம். வர்ம ஆசான் காய்ச்சிக் கொடுத்த தைலத்தை அம்மா காலைதோறும் அவனுக்குத் தேய்த்து உழிந்தாள். "நிமிரு மக்கா, நிமிரு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு உழிவாள். அவள் அழுத்த அழுத்த, கால்கள் கத்தரிக்கோலாகப் பின்னிக்கொண்டன.

ஒருநாள் அம்மா கோதையாற்றுக்குத் துணி அலசப் போயிருந்தாள். நான் தேய்த்தேன். எனக்கு ஓணமாவது ஒன்றாவது! பக்கத்து வீட்டு ஆட்டுக்கிடா வேலி தாண்டி விழுந்த கதையைச் சொன்னேன். தம்பி வாய்விட்டுச் சிரித்தான். கால்கள் தாமாகப் பிரிந்தன. அந்த நேரம் பார்த்து அம்மா ஈரத்துணியோடு உள்ளே வந்தாள். அவள் முகத்தைக் கண்டதும் கால்கள் மறுபடி பின்னிக்கொண்டன.

"எனக்க வெப்ராளமாக்கும், எனக்க பயமாக்கும் பிள்ளைக்க உடம்புல ஏறுது," என்றாள். "இனி நீ உழிஞ்சா மதி, ஏட்டி."

அன்றிலிருந்து அவள் அவனைத் தொடவில்லை. அடுக்களையிலிருந்து எட்டிப் பார்ப்பதோடு சரி. பெற்ற வயிறு அல்லவா, எனக்கே பார்க்கப் பொறுக்கவில்லை.

ஆவணி பிறந்தது. கால் கொஞ்சம் நீண்டிருந்தது. ஓணம் நெருங்கியபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாம் உனக்க கையிலதான் மக்கா இருக்கு. எனக்க பிள்ளைய விட்டிராத."

அம்மா அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

ஓணம் கழிந்த மறுநாள் காலையில் அப்பா வாசற்படியில் வந்து நின்றார். நான் எண்ணெயைத் தொட்டுக்கொண்டு கிடாவின் கதையைத் தொடங்கினேன். குரல் நடுங்கியது. தம்பி என் முகத்தையே பார்த்தான், சிரிக்கவில்லை. என் உள்ளங்கைக்குள் அவன் கெண்டைக்கால் மெல்ல மெல்ல மரமாக இறுகியது. "நிமிரு மக்கா, நிமிரு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது அம்மா இல்லை, நான்.

அப்பா வண்டி பூட்டப் போனார்.