டிராக் ரேடியலும் தம்பியின் மச்சானும்

டயர்க்கடைக்காரியை அந்த வட்டாரத்தில் எல்லோரும் காத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தவர் ஒரு லாரிக்காரர். அவசரமாக பஞ்சர் ஒட்ட வந்தவரை அவள் லேசில் விடவில்லை. மற்றச் சக்கரங்களிலும் காற்று அளந்தாள், கூடக்குறைய இருந்ததையெல்லாம் சரிசெய்தாள், மூடி இல்லாத வால்வுக்குத் தன் டப்பாவிலிருந்து ஒரு மூடி தேடிப் போட்டாள், பிறகுதான் சாவியைக் கொடுத்தாள். காத்து காத்து என்று இந்த அக்கா உயிரை வாங்குகிறது என்று அவர் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். பெயர் ஒட்டிக்கொண்டது. வண்டிகளும் தேடி வந்தன.

எட்டாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதும் கடையில் வந்து நின்றவள்தான். பெண் பிள்ளை கடப்பாரை பிடித்து டயர் கழற்றுவதைப் பார்த்துவிட்டு, ஆள் யாரும் இல்லையா என்று கேட்டவர்களுக்கு, நான் என்ன ஆடா மாடா என்று பதில் சொல்லப் பழகியது அப்போதுதான். தம்பி அவளைவிட ரொம்பச் சின்னவன். அம்மா வேலைக்குப் போகிற நாளில் இவள் அவனைக் கடைக்குத் தூக்கி வந்துவிடுவாள். அடுக்கி வைத்த டயர்களின் குழிக்குள் சாக்கு விரித்துப் போட்டால் பூனைக்குட்டி மாதிரி தூங்கிவிடுவான். அவன் வளர்ந்து லிஃப்ட் மெக்கானிக் ஆனான். சைக்கிள், பைக், கார் என்று அவன் எதை ஓட்டினாலும் அதில் அவள் கை படாத டயர் ஏறியதில்லை. எந்த டயர் என்று அவன் கேட்பான், அவள் சொல்வாள், அதுதான் ஏறும். தன் வாழ்க்கையில் கேள்வி கேட்பாரில்லாமல் தனக்குச் சொந்தமானது இது ஒன்றுதான் என்று காத்தக்கா நினைத்திருந்தாள்.

தம்பிக்குக் கல்யாணமானதும் அதில் பங்கு கேட்டு ஆள் வந்துவிட்டது.

தம்பி மனைவியைப் பற்றிக் காத்தக்கா ஒரு குறை சொல்ல மாட்டாள். அந்தப் பெண்ணோடு கூடவே ஓர் அண்ணன் வந்தான் பாருங்கள், அவன்தான் பிரச்சினை. என்ஜின் பட்டறை வைத்திருக்கிறவன். ஒரு காலத்தில் கால் மைல் பந்தயத்தில் கார் ஓட்டியவன் வேறு. தம்பிக்குத் தெய்வமே வானத்திலிருந்து இறங்கி வந்த மாதிரி ஆகிவிட்டது. இருவரும் சேர்ந்து தம்பியின் பழைய காருக்குப் புது என்ஜின் ஏற்றினார்கள். அதிலிருந்து அவன் வாயைத் திறந்தால் "மச்சான் சொன்னாரு" என்றுதான் ஆரம்பிப்பான். எண்ணெய் மச்சான் சொன்னது, பிளக் மச்சான் சொன்னது. போதாததற்கு அந்த மச்சான் காத்தக்காவை "அக்கா, அக்கா" என்று வாய் நிறையக் கூப்பிடுவான். அது அவளுக்குக் காதில் எறும்பு புகுந்த மாதிரி இருக்கும். அக்கா என்று கூப்பிட எனக்கு ஒருத்தன் இருக்கிறான், போதும் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். வெளியே, "சொல்லுங்க" என்பாள்.

என்ஜினோடு நின்றிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் என்ஜினுக்கு வந்த வலுவைப் பழைய டயர் தாங்கவில்லை. மிதித்தால் பின்சக்கரம் இரண்டும் புகையைக் கக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றும், கார் நகராது. ஒரு மத்தியான வேளையில் தம்பி மச்சானையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தான். பின்னால் டிராக் ரேடியல் போட வேண்டும் என்றான். எது போடலாம் என்று அவளைக் கேட்கவில்லை. கேட்டு முடித்துவிட்டு வந்திருந்தான். அது அவன் நின்ற தோரணையிலேயே தெரிந்தது.

டிராக் ரேடியல் என்றால் என்னவென்று காத்தக்காவுக்குத் தெரியும். பார்வைக்குச் சாலை டயர்தான், சாலையில் ஓட்ட அனுமதியும் உண்டு. ஆனால் ரப்பர் மெத்தென்று இருக்கும், பள்ளங்கள் குறைவு, பக்கச் சுவர் வளைந்து கொடுக்கும். சூடேறினால் தரையைப் பசை போலப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் சீக்கிரம் தேயும், ஈரத்தில் வழுக்கும். அவள் யோசனை வேறாக இருந்தது. தினமும் வேலைக்குப் போக ஒரு ஜோடி சாதா டயர், பந்தயத்துக்குத் தனியாக ஒரு ஜோடி. பந்தய நாளன்று தானே களத்துக்கு வந்து மாற்றித் தருவதாகச் சொன்னாள். அதில் நியாயமும் இருந்தது. மச்சான் சொல்கிறபடி ஒரே ஜோடியை இரண்டுக்கும் போட்டுவிட்டால் களத்தில் காற்றைக் குறைத்தால் போதும், அக்கா தேவைப்பட மாட்டாள் என்பதும் அந்த நியாயத்துக்குள்ளேயே இருந்தது.

"மழை பெய்ஞ்சா?" என்றாள்.

"மெதுவாத்தான் போகணும் அக்கா. பெருமழைன்னா வண்டியையே எடுக்கக் கூடாது. அன்னிக்கு மாப்ள பஸ்ல போவாரு, என்ன குறைஞ்சுடும்?" என்றான் மச்சான்.

சீக்கிரம் தேயுமே என்றாள். தேயும், தெரிந்துதான் போடுகிறோம் என்றான். எந்தக் கேள்விக்கும் மழுப்பாமல் பதில் சொன்னான். பொய் சொன்னாலாவது பிடித்து உலுக்கலாம். கடைசியில் எந்த ரகம் என்ற பேச்சு வந்தது. பட்டறைப் பையன்களெல்லாம் விரும்புவது இரண்டே கோடு ஓடும் வழுக்கை ரகம். அதைத்தான் சொல்வான், அங்கே அவனை மடக்கலாம் என்று காத்திருந்தாள். அவனோ, தினமும் வேலைக்குப் போகிற வண்டிக்கு அது ஆகாது, கொஞ்சம் கெட்டியான ரப்பரும் கூடுதல் பள்ளமும் உள்ள ரகமே போதும், களத்தில் ஒரு மூக்கு பின்தங்கினாலும் பரவாயில்லை என்றான். தான் சொல்ல வைத்திருந்த வார்த்தையை இன்னொருவன் தன் வாயிலிருந்தே எடுத்துக்கொண்டு போன மாதிரி காத்தக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது.

ஒன்று பாக்கியிருந்தது. பக்கச் சுவர் உயரமாக வேண்டுமென்று பதினைந்து அங்குலச் சக்கரத்துக்கு இறங்கச் சொன்னான். அந்தச் சக்கரத்துக்குள் பிரேக் அடங்குமா என்று கேட்டாள். மச்சான் தலையைச் சொறிந்தான். அளந்து பார்க்கவில்லை. அந்த அளவில் ஒரு பழைய சக்கரத்தை உருட்டி வந்து மாட்டி, காருக்கு அடியில் படுத்தாள். இடிக்க வேண்டும், இடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே விரலை விட்டுப் பார்த்தாள். இடிக்கவில்லை. சுண்டுவிரல் தாராளமாகப் போய் வந்தது.

"அப்ப மச்சான் சொன்னதே போட்டுடு அக்கா" என்றான் தம்பி.

போட்டாள். சுற்றும் திசைக்குப் போட்டிருந்த அம்புக்குறியை இரண்டு தடவை பார்த்து, விளிம்புக்குச் சோப்புத் தண்ணீர் தடவி, குழந்தைக்குச் சட்டை மாட்டுகிற மாதிரி மாட்டி, பேலன்ஸ் பார்த்து, எந்தக் குறையும் இல்லாமல்தான் போட்டுக் கொடுத்தாள். பகைக்காரன் வண்டியானாலும் வேலையில் கோணல் வராது அவளுக்கு.

வீட்டில் சோறு இறங்கவில்லை. அவள் கணவர் பேருந்து ஓட்டுகிறவர், அதிகம் பேசாதவர். தட்டைப் பார்த்துவிட்டு, "டயர்தானே வேற ஆளு சொன்னான். என்னமோ உன்னைக் கேக்காம பொண்ணு பாத்துட்ட மாதிரி இருக்கே" என்றார்.

"பொண்ணு பாத்தது நான்தான். அதுல வந்த வினைதான் இது" என்று எழுந்து கை கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம். பழைய விமான ஓடுதளம் ஒன்றை அதற்காக விட்டிருந்தார்கள். இருபுறமும் இடுப்பு உயரத்துக்குக் கான்கிரீட் சுவர். தம்பி அழைக்கத்தான் செய்தான். காத்தக்கா தன் அளவுமானியையும் கையடக்கக் காற்றுப் பம்பையும் பையில் போட்டுக்கொண்டு போனாள். அங்கே போனால் மச்சான் முழங்காலிட்டுப் பின்சக்கரங்களில் காற்றை இறக்கிக்கொண்டிருந்தான். அவள் கண்ணெதிரே, அவள் போட்ட டயரில், இன்னொருத்தன் கை. பையைத் திறக்காமலே உட்கார்ந்தாள்.

முதல் ஓட்டம் நன்றாகவே இருந்தது. பின்சக்கரத்தைச் சுழற்றிச் சூடேற்றிக்கொண்டு, விளக்கு பச்சையானதும் கார் பிடித்துத் தள்ளிய மாதிரி கிளம்பியது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. காரைத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத் தம்பி இறங்கி ஓடிவந்தான். வந்தவன் அவளைத் தாண்டிப் போய் மச்சானைக் கட்டிக்கொண்டான். பிறகு இருவரும் தோளில் கை போட்டபடி, ஓடிய நேரம் எவ்வளவு என்று பார்க்கக் கூடாரத்துப் பக்கம் போனார்கள்.

காத்தக்கா தனியாகக் காரோடு நின்றாள். கை சும்மா இருக்கவில்லை. டயர் கொஞ்சம் ஆறட்டும் என்று பொறுத்து அளவுமானியை வைத்தாள். வலது பக்கம் பதினேழரை பவுண்டு. இடது பக்கம் பதினாறு. மறுபடி வைத்துப் பார்த்தாள், அதேதான். அவளுக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் ஓடியது. பந்தயம் ஓட்டினவனாம், பட்டறைக்காரனாம், இரண்டு சக்கரத்துக்கு ஒரே மாதிரி காற்று வைக்கத் தெரியவில்லை. பம்பை எடுத்து இடது பக்கத்தை வலதுக்குச் சரியாக ஏற்றினாள். ஓட்டம் முடியட்டும், நாலு பேர் முன்னால் சொல்வோம் என்று வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்துக்கொண்டாள்.

இரண்டாம் ஓட்டத்தில் கார் கிளம்பிய வேகத்திலேயே மூக்கை வலது பக்கம் திருப்பியது. தம்பி ஸ்டீயரிங்கை ஒடித்துப் பார்த்தான். கார் கேட்கவில்லை. சுவருக்கு ஒரு கை தூரம் இருக்கும்போது மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டான். கார் தள்ளாடி நேராகி, மெல்ல ஓடி நின்றது. காத்தக்கா எழுந்து நின்றது அவளுக்கே தெரியாது. கையிலிருந்த தண்ணீர் பாட்டில் நசுங்கிப்போயிருந்தது.

கார் திரும்பி வந்ததும் மச்சான் முதலில் பின்சக்கரத்தில் அளவுமானியை வைத்தான். இடது, வலது, மறுபடி இடது.

"ரெண்டும் ஒண்ணா இருக்கு. யாரு கைய வச்சது?" என்றான்.

அதைக் கேட்டதும் தம்பிக்குப் புரிந்துவிட்டது. இந்த உலகத்தில் இரண்டு பக்கமும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக வைக்கிற ஆள் ஒருத்திதான். அவன் அக்காவைப் பார்க்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, "நான்தான் மச்சான். கம்மியா இருக்கேன்னு ஏத்திட்டேன்" என்றான்.

மச்சானுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. இந்தக் கார் கிளம்பும்போது வலது பக்கம் இழுக்கும், அதற்காகத்தான் அந்தப் பக்கம் ஒன்றரை கூட்டி வைத்தேன் என்றான். காலையில் படித்துப் படித்துச் சொன்னேனே என்றான். அதோடு விடவில்லை. "அறிவிருக்கா மாப்ள உங்களுக்கு? வீட்டுல ஒருத்தி உங்களை நம்பி உக்காந்திருக்கா. சுவத்துல போய் ஒட்டிக்கிட்டிருந்தா நான் அவளுக்கு என்ன பதில் சொல்றது?"

தம்பி தலையைக் குனிந்து நின்றான்.

காத்தக்காவுக்கு இன்னும் பயம் அடங்கவில்லை. பேசாமல் இருந்திருந்தால் செய்த தப்பு அப்படியே போயிருக்கும், தம்பி ஒருநாளும் வாயைத் திறந்திருக்க மாட்டான். ஆனால் எதிரே நடப்பதை அவளால் பார்க்க முடியவில்லை. டயர் சொல்லிக் கொடுத்தான், சரி. காற்று வைத்தான், சரி. கட்டிக்கொண்டான், அதுவும் போகட்டும். அவனைத் திட்டுகிறதும் இவனா? தலை குனிந்து நிற்பதை அந்தப் பிள்ளை இவள் ஒருத்தி முன்னால்தானே செய்து பழகியிருக்கிறான்?

"அவனை ஏன் திட்டறீங்க?" என்று நடுவில் போய் நின்றாள். "ஏத்தினது நான். நீங்க தெரியாம வச்சிட்டீங்கன்னு நினைச்சேன். என்னைச் சொல்லுங்க."

அவளைத் திட்ட மச்சானுக்கு வரவில்லை. கோபம் போகிற வழி தெரியாமல் அளவுமானியைத் துடைத்தான். "கேட்டிருக்கலாமே அக்கா" என்று மட்டும் சொன்னான், அதுவும் தரையைப் பார்த்து. கேட்கக்கூடாது என்றுதான் கேட்கவில்லை என்று அவளால் சொல்ல முடியுமா? இடது பக்கம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டாள். பதினாறு என்றான். முழங்காலிட்டு இறக்கினாள். வைத்துப் பார்த்தாள், பதினாறு. அவனையும் வைத்துப் பார்க்கச் சொன்னாள்.

மூன்றாம் ஓட்டத்தில் கார் நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. பக்கத்துக் கார்தான் ஜெயித்தது, அது வேறு விஷயம்.

மச்சான் தண்ணீர் வாங்கப் போன நேரம் பார்த்து, காத்தக்கா தம்பியைக் கார் மறைவுக்குக் கூப்பிட்டாள்.

"எதுக்குடா பொய் சொன்ன? உனக்கு நான் பொய் சொல்லவா சொல்லிக் கொடுத்தேன்? வண்டி இழுக்குதுன்னு தெரிஞ்ச உடனே காலை எடுக்க வேண்டாமா? ஒடிச்சுப் பாக்கறானாம், ஒடிச்சு! காலையில படிச்சுப் படிச்சுச் சொன்னாராமே, அதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வாய் வலிச்சுதா? நான் என்ன வழியில போறவளா?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். அது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் விடாமல் திட்டினாள். மச்சான் தண்ணீரோடு திரும்பி வந்து, கிட்ட வராமல் தள்ளியே நின்றான். காத்தக்கா ஓரக்கண்ணால் அதைப் பார்த்துவிட்டு, குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தி, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.