கொடியில் ஏழு சட்டைகள்

எங்கள் வாசகர் குழுவில் படித்தவர்கள் அதிகம், புத்தகம் படித்தவர்கள் குறைவு. மாதத்தில் ஒரு ஞாயிறு காலை பாச்சாங்கில் ஓர் உணவகத்தின் மாடியில் கூடுவோம். தோசைக்கும் இழுத்து ஆற்றிய தே தாரேக்குக்கும் நடுவில் பேரிலக்கியம் பேசப்படும். மற்ற நாள்களில் நாவல் வரிகளும் பேச்சும் வாட்சப்பில் ஓடும். அதைப் புலனம் என்றுதான் சொல்ல வேண்டும் என்பது குழுவின் முதல் விதி. இரண்டாவது விதியை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை: எந்தப் புத்தகத்தின் பேரைக் கேட்டாலும் "இன்னும் படிக்கவில்லை" என்று சொல்லக் கூடாது.

தலைவர், புலாவ் செபாங்கிலிருந்து வரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். யார் எந்த நாவலைப் பரிந்துரைத்தாலும் அவர் அதை அந்தக் காலத்திலேயே ரப்பர்த் தோட்டத்து நூலகத்தில் படித்து முடித்திருப்பார். அதே தோட்டத்தில்தான் என் அப்பா பால்மரம் வெட்டினார். அங்கே நூலகம் என்று ஒன்று இருந்ததே இல்லை என்பார் அப்பா.

அடுத்தது ஓர் அக்கா. எந்தக் கதையை எடுத்தாலும் மூன்றாவது நிமிடத்தில் அதைத் தன்னைக் கைவிட்ட பழைய காதலனிடம் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். அவருடைய வீட்டுக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து வடையைச் சாம்பாரில் ஊறவைத்துக்கொண்டிருப்பார்.

இந்தச் சபையில்தான் என் கதையும் அரங்கேறியது.

என் கணவருக்கு ஜொகூரில் வேலை. மாதம் இருமுறை வந்து அழுக்குத் துணியைப் போட்டுவிட்டுப் போவார். ஒருநாள் போனில் கூப்பிட்டு, அங்கே இன்னொருத்தியோடு வீடு எடுத்துவிட்டதாகச் சொன்னார். அப்போதுதான் அவருடைய சட்டைகள் ஏழையும் துவைத்துக் காயப்போட்டிருந்தேன். அதன்பிறகு அவற்றை நான் தொடவில்லை. குருபோங்கில் எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்கப் பார்க்கும்படி அவை கொடியிலேயே கிடந்தன.

நான்காம் நாள் மதியம் ஆபீஸில் உட்கார்ந்து அவருக்கு ஒரு செய்தி எழுதினேன். எனக்குக் கோபம் வந்தாலும் ஒற்றுப்பிழை வராது. "உங்கள் சட்டைகள் ஏழும் இன்னும் கொடியில் தொங்குகின்றன. வந்து எடுத்துக்கொண்டு போங்கள். இனி மழை வந்தாலும் நான் எடுத்து வைக்க மாட்டேன்."

கை தவறி அது வாசகர் குழுவுக்குப் போய்விட்டது.

போன் விடாமல் சத்தமிட்டபோதுதான் பார்த்தேன். வரிசையாகக் கைதட்டல், ரோஜாப்பூ. தலைமையாசிரியர் எழுதியிருந்தார்: "அருமையான தொடக்கம். மாணவப் பருவத்தில் படித்த நாவல். மறுவாசிப்புக்கு உகந்தது." மறுநாளுக்குள் மூன்று பேர் தங்களிடம் பழைய பதிப்பே இருப்பதாகச் சொன்னார்கள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். கணவன் விட்டுப்போனவள் என்று தெரிவதைவிட நல்ல வாசகி என்று நினைத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிறு வேறு எதுவும் பேசப்படவில்லை.

"அந்தப் பொம்பளைக்குத் திமிரு லா," என்றார் அக்கா. "சட்டைய அழகா மடிச்சு வச்சிருந்தா அவன் திரும்பி வந்திருப்பான். நான்லாம் எப்படிக் காத்திருந்தேன் தெரியுமா?"

"ஏழு சட்டைதான் வச்சிருந்தானா?" என்றார் வீட்டுக்காரர். குழுவில் அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"அது குறியீடு," என்று தலைமையாசிரியர் கையை உயர்த்தினார். "ஏழு சட்டைன்னா ஏழு பிறவி."

ஏழு சட்டை என்றால் ஏழு நாள். ஞாயிற்றுக்கிழமையும் அவருக்கு வேலை இருந்தது. அது என்ன வேலை என்று எனக்குப் பிறகுதானே தெரிந்தது!

இந்த மனிதரை இன்று எல்லார் முன்னாலும் மாட்டிவிட வேண்டும் என்று தோன்றியது. "ஐயா, கடைசியில அவன் வர்றானா?" என்று கேட்டேன். மடக்கத்தான் கேட்டேன். கேட்டு முடித்ததும் பதிலுக்காக அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தார். "வர்றாம்மா. கடைசி அத்தியாயத்துல. மழையில நனைஞ்சிக்கிட்டே வர்றான்."

"ஆமா, அந்த இடம் ரொம்ப அருமை," என்று அக்கா கண்ணைத் துடைத்தார்.

பொய்யன், புளுகன் என்று வழியெல்லாம் காருக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். குருபோங் முச்சந்தியில் திரும்பும்போது தூறல் போட்டது. காரைக் கோணலாக நிறுத்திவிட்டு ஓடினேன். ஏழு சட்டைகளையும் கொடியிலிருந்து உருவி உள்ளே கொண்டுவந்தேன். இத்தனை நாள் வெயிலிலும் மழையிலும் கிடந்ததில் வாடை அடித்தது. மறுபடியும் மெஷினில் போட்டேன். பிறகு சன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு, மழை விடும்வரை வாசல் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், அந்தக் குழுவிலேயே அதிகம் படித்தவள்.